பிடியில் வைத்த பொட்டு

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் நிறுவனத்தின் பொது மேலாளர் திரு. இராமலிங்கம் அவர்களே, சற்றுமுன் நமக்காக மன்றாடிய பங்குத் தந்தை அவர்களே, அண்ணனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையார் மகதலேனா அவர்களே, கிள்ளானிலிருந்தும் காப்பாரிலிருந்தும் வேலைச் சட்டையோடு நேராக இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, உங்கள் அனைவரையும் துயரத்தோடு வணங்குகிறேன்.

என் பெயர் சிவநேசன். மறைந்த மூத்த பொறியாளர் அம்புரோஸ் அவர்களோடு ஒரே அறையில், எதிரெதிர் மேசைகளில் பணியாற்றியவன். தொழிற்சாலைகளுக்குப் பாரந்தூக்கும் கிரேன்களை விற்று நிறுவுவது எங்கள் நிறுவனத்தின் தொழில். எந்த இடத்துக்கு எந்தக் கிரேன் என்று தேர்ந்தெடுப்பது அவர் வேலை. தேர்ந்தெடுத்தது விதிகளுக்கு உட்பட்டதா என்று சரிபார்ப்பது என் வேலை. அவர் முடிவு சொல்வார். நான் கேள்வி கேட்பேன். அவர் கையெழுத்திடுவார், அதன் கீழே நான் கையெழுத்திடுவேன். அந்த அறையில் இப்போது கேள்வி கேட்பவன் மட்டும் இருக்கிறான்.

அன்பர்களே! இந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஒன்றைக் கவனித்தேன். இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கிறீர்கள். ஏன்? உங்களுக்குள் அறிமுகம் இல்லை. ஒருவர் பம்பு பழுதுபார்ப்பவர், ஒருவர் அச்சகத்தில் காகிதச் சுருள் ஏற்றுபவர், ஒருவர் சாயத் தொட்டியில் பீப்பாய் கவிழ்ப்பவர். கடைசி வரிசையில் ஒரு நேபாளத் தோழர் அமர்ந்திருக்கிறார். நான் பேசுவதில் ஒரு சொல்லும் அவருக்குப் புரியாது, ஆயினும் வந்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அம்புரோஸ் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் அந்த மனிதர் ஒருநாள் வந்து நின்றார். ஒரு வேலை நேரம் முழுவதும் நின்றார். பிறகு போய்விட்டார். உங்களை இணைப்பது அது ஒன்றுதான்.

எதற்காக நின்றார்? அதைச் சொல்ல வேண்டுமானால் அவர் தேர்ந்தெடுத்த பொருளைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். இங்கே வந்திருக்கும் உறவினர்களுக்கும் பங்கு மக்களுக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஜிப் கிரேன் என்பது எளிய கருவி. தரையில் ஊன்றிய ஒரு தூண். தூணிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஒரு கை. அந்தக் கையில் தொங்கி, முனைக்கும் தூணுக்கும் இடையே நகரும் சங்கிலித் தூக்கி. ஒரு தொழிலாளி தன் மேசையருகே நின்றபடி பாரத்தைத் தூக்கி, அந்தக் கையைத் தானே இழுத்துத் திருப்பி, வேண்டிய இடத்தில் இறக்கி வைப்பார். தூக்குவது மின்சாரம், திருப்புவது மனிதனின் தோள். இந்த இரண்டாவது பாதியை வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். விற்பவர்கள் நினைவூட்டுவதில்லை.

வாங்க வருகிறவர் என்ன சொல்வார்? "எதுக்கும் ஒரு சைஸ் பெருசாவே போடுங்க, நாளைக்கு யூஸ் ஆவும்" என்பார். கேட்பதற்கு அது எவ்வளவு புத்திசாலித்தனமாக இருக்கிறது! அரிசி வாங்குவதற்குப் பொருந்தும். பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை தைப்பதற்கும் பொருந்தும். ஜிப் கிரேனுக்குப் பொருந்தாது. அதிகப் பாரம் தாங்கும் கிரேனின் கையே அதிகப் பாரம். சிறு பொருளைத் தூக்கினாலும், இழுப்பவர் அந்த முழு இரும்புக் கையையும் சேர்த்து இழுக்க வேண்டும். பாரம் தூணுக்கு நெருங்கி வர வர, நெம்புவதற்கு நீளமின்றி, இழுப்பது இன்னும் கடினமாகும். சில நாள் இழுத்துப் பார்ப்பார்கள். பிறகு கிரேனை ஓரமாகத் திருப்பி நிறுத்திவிட்டு, பழையபடி வெறுங்கையால் தூக்கத் தொடங்குவார்கள்.

மேரு சாலையில் ஒரு தொழிற்சாலை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்புரோஸ் அவர்கள் என்னை அழைத்துச் சென்ற முதல் இடம் அது. வேறு யாரோ விற்ற ஒரு பெரிய கிரேன் அங்கே நின்றது. அதன் கையில் இரண்டு துவாலைகள், ஒரு குடை, சாப்பாட்டுப் பைகள் தொங்கின. மேலாளர் பெருமையோடு சொன்னார், "ஒரு டன் பாஸ்! லைஃப் டைம் நிக்கும்." அம்புரோஸ் அவர்கள் அங்கே வேலை செய்த தம்புசாமியைப் பார்த்தார்.

"என்ன அண்ணே, கிரேனை இழுக்கிறதே இல்லையா?"

"இழுக்கலாம் லா. அதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் எடுக்கணும்" என்றார் தம்புசாமி. "சாமான் ஆட்டுக்குட்டி, கிரேனு எருமை மாடு. எருமையைக் கூட்டிட்டு வந்து ஆட்டுக்குட்டியைத் தூக்கச் சொல்றாங்க."

அம்புரோஸ் அவர்கள் சிரிக்கவில்லை. மேலாளரிடம் திரும்பி, "பாஸ், நீங்களே ஒரு தடவை இழுத்துக் காட்டுங்களேன், எங்க ஆளு புதுசு, பாக்கட்டும்" என்றார். மேலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இழுத்தார். தூக்கி கையின் முனையில் இருந்தபோது கிரேன் வந்தது. தூக்கியைத் தூணருகே கொண்டுவந்ததும் கிரேன் நின்றுவிட்டது. அவர் காலணி தரையில் வழுக்கியது. "நீங்க காலையில சாப்பிடல போல" என்றார் தம்புசாமி. அதற்குப் பிறகுதான் அம்புரோஸ் அவர்கள் சிரித்தார். அந்த மேலாளரும் சிரித்தார் என்பதை நேர்மைக்காகச் சொல்கிறேன். அடுத்த மாதம் அங்கே புதிய, சிறிய கிரேன் நின்றது.

ஆனால் எல்லா மேலாளர்களும் சிரிப்பவர்கள் அல்லர். கிரேன் பயன்படுகிறதா என்று கேட்டால், "பயன்படுகிறது" என்பார்கள். வாங்கியவர் வேறு என்ன சொல்வார்? தொழிலாளியைக் கேட்டால் அவரும் "பயன்படுது சார்" என்பார். மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது அவர்தான் வேறு என்ன சொல்வார்? அப்படியானால் உண்மையை எப்படி அறிவது?

அவர் ஒரு வழி வைத்திருந்தார். இந்த நாட்டில், நம் மக்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் மட்டுமே செல்லுபடியாகும் வழி அது. ஆயுத பூசை அன்று நம்மவர்கள் இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பார்கள் அல்லவா? கிரேனுக்கும் வைப்பார்கள், பெரும்பாலும் தூணில். அம்புரோஸ் அவர்கள் அன்று வந்து கொண்டைக்கடலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இதுலயும் ஒரு பொட்டு வைங்க" என்று கிரேனைப் பிடித்து இழுக்கும் பிடியைக் காட்டுவார். பிடியில் ஒரு பொட்டு. அவ்வளவுதான். தீபாவளி கழிந்து சில வாரங்களுக்குப் பின் மறுபடி வருவார். யாரையும் எதுவும் கேட்கமாட்டார். நேரே போய்ப் பிடியைப் பார்ப்பார். பொட்டு அழிந்திருந்தால், அந்தக் கிரேனைக் கைகள் தொடுகின்றன. பொட்டு வைத்த மேனிக்கு இருந்தால், அந்தக் கிரேனை யாரும் தொடவில்லை; அங்கே யாரோ ஒருவர் தன் முதுகால் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரு முறை ஒரு தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் கிஷன் அவரைச் சீண்டியது நினைவிருக்கிறது.

"அங்கிள், நீங்க சர்ச்சுக்குப் போறவரு. வந்து வந்து பொட்டைப் பாத்துட்டுப் போறீங்க. ஃபாதர் கிட்டச் சொல்லிடவா?"

"சொல்லு லா. அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு வை, அடுத்த தடவை சேந்து வரோம்."

தந்தை அவர்களே, நீங்கள் புன்னகைப்பதைப் பார்க்கிறேன். உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது.

அவருடைய இந்தப் பொட்டு வழியை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பொட்டு ஓர் ஆய்வு முறை அன்று. அதை அறிக்கையில் எழுத இயலாது. அதற்கு அளவுகோல் கிடையாது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "சிவா," என்பார், "நீ அறிக்கையில 'பயன்பாடு இல்லை'னு எழுதிக்க. எப்படித் தெரியும்னு கேட்டா என்னைக் காட்டு." "அண்ணே, நீங்க ஒரு சான்று ஆகமாட்டீங்க." "அப்ப நீ வந்து ரெண்டாவது சான்றா நில்லு." இப்படி எத்தனை ஆண்டுகள் வாதிட்டிருப்போம்! அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. நான் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த வாதத்தைப் போல என்னோடு நெடுங்காலம் தங்கிய துணை வேறெதுவும் இல்லை.

நம் மரபில் பொட்டு அழிவது துக்கம். அழிந்த பொட்டைப் பார்த்து மகிழ்ந்த மனிதர் நான் அறிந்தவரை அவர் ஒருவர்தான்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. நண்பகலில் எங்கள் அலுவலகத்தினர் ஒன்றாகச் சாப்பிடப் போவார்கள். அவர் ஏதேனும் ஒரு தொழிற்சாலையின் உணவகத்தில், தன் பெயர் தெரியாதவர்களுக்கு நடுவே அமர்ந்து சாப்பிடுவார். மாலையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி, இந்த மண்டபத்துக்குப் பின்னாலிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்புவார். சாலாக் செலாத்தானிலிருந்து தங்கை அழைத்தால், "இருக்கேன்மா, நல்லா இருக்கேன்" என்பாராம். அம்மையார் மகதலேனா சொன்னார்கள், "அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியாது சார்."

எனக்கு ஒரு வார்த்தை கூடுதலாகக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் என் தொலைபேசி ஒலிக்கும். "சிவா, சுவத்துல மாட்டுற கிரேனுக்குச் செங்கல் சுவரு தாங்குமா?" என்று கேட்பார். தாங்காது என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் நான் விதியை எடுத்துச் சொல்லி, இரும்புத் தூண் இருந்தால்தான் மாட்டலாம் என்று விரிவாக விளக்குவேன். அவர் பொறுமையாகக் கேட்பார். "சரி, சரி, இப்பத் தெளிவாச்சு" என்று வைத்துவிடுவார். அடுத்த ஞாயிறு தரைக் கான்கிரீட்டின் கனத்தைக் கேட்பார். நானும் தனியாக வாழ்கிறவன். என் வீட்டில் ஞாயிறன்று நான் பேசும் சொற்கள் அவைதாம்.

அவர் உறக்கத்திலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நான் தொலைபேசியை மேசைமேல் வைத்து அமர்ந்திருந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை.

அன்பர்களே! அவர் கடைசியாகத் தேர்ந்தெடுத்த கிரேனைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன். மூன்றாம் வரிசையில், நீலச் சேலையில் அமர்ந்திருக்கும் அம்மா வீரம்மாளை எல்லோரும் பார்க்க வேண்டுகிறேன். காப்பாரில் ஒரு பட்டறையில் பம்புகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பவர். தள்ளுவண்டியிலிருந்து பம்பின் இரும்பு உறையை மேசைக்கு ஏற்ற வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். காலையிலிருந்து மாலைவரை அதுதான். அவருடைய வலது தோளை மருத்துவர்கள் பார்த்துவிட்டு, இனிமேல் கையால் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டறை ஒரு முடிவு செய்தது. கிரேன் ஒன்று போடப்படும். அதைக்கொண்டு அவரால் வேலை செய்ய முடிந்தால் அதே மேசையில் நீடிக்கலாம். முடியாவிட்டால் வேலையிலிருந்து நிற்க வேண்டும். அந்தக் கிரேனுக்கான கோரிக்கை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது.

அம்புரோஸ் அவர்கள் போனார், வழக்கம்போல் அவர் தூக்கி இறக்குவதைப் பார்த்தபடி நின்றார். அதை வீரம்மாள்தான் எனக்குச் சொன்னார்.

"ஐயா, ஸ்டூலு இருக்கு, உக்காருங்க, காலு வலிக்கும்னு சொன்னேன் சார். உக்காந்தா உன் தோளு எனக்குத் தெரியாதும்மான்னாரு. சரி, என்னைப் பாக்கவும் ஒரு ஆளு வந்தாருன்னு நெனைச்சுக்கிட்டேன். எங்க வூட்டுக்காரரு கூட அப்படிப் பாத்ததில்ல!"

அவர் திரும்பி வந்து எழுதிய தேர்வு இதுதான்: நூற்றிருபத்தைந்து கிலோ தூக்கும் சிறு கிரேன், அலுமினியக் கை, ஒரு விரலால் தள்ளினாலும் திரும்பும், தூண் மேசைக்கு இடப்பக்கம், அதாவது நலமாக இருக்கும் தோளின் பக்கம், பிடி இடுப்பு உயரத்தில். கையெழுத்திட்டார். என் கையெழுத்துக்காக என் மேசையில் வைத்தார். அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை கேள்விகளோடு வருகிறேன் என்றேன். "வா, வா, நீ கேக்காம இருந்தாதான் பயம்" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் வரவில்லை.

இப்போது எங்கள் கிடங்கில் ஒரு டன் கிரேன் ஒன்று நிற்கிறது. வேறொரு வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போனது. புதிதாக வரவழைக்க வேண்டியதில்லை. உடனே கொண்டுபோய் வீரம்மாளின் மேசையருகே ஊன்றலாம். "பெருசா இருந்தா நல்லதுதானே, சிவா சார்? சேஃப்டிக்கும் சேஃப்டி" என்று அலுவலகத்தில் என்னிடம் சொல்கிறார்கள். அம்புரோஸ் அவர்களின் தேர்வை மாற்றி எழுதிய தாளும் என் மேசைக்கு வந்துவிட்டது. நான் அதைச் சரிபார்த்தேன். தூக்குதிறன், சரி. சங்கிலி, சரி. சோதனைச் சான்றிதழ், சரி. விதிப்படி அதைத் தடுக்க ஏதும் இல்லை! விதியை நம்பி வாழ்ந்தவனுக்கு இதைவிடத் தனிமை வேறு உண்டா? திரும்பிப் பார்த்தேன். எதிர் மேசையில் யாரும் இல்லை.

எங்கள் நடைமுறை விதிகளின் முதல் வரி என்ன சொல்கிறது? தூக்கும் சாதனம் பணிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த வரிக்கு எதிரே எப்போதும் அம்புரோஸ் அவர்களின் கையெழுத்து இருந்தது. ஆகவே 'ஏற்றது' என்றால் என்ன என்று நான் தனியாக விடை தேட வேண்டி வந்ததில்லை. இந்த வாரம் தேடினேன். வீரம்மாள் தூக்கும் அதே உறையை வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் முற்றத்தில் அந்த ஒரு டன் கிரேனில் மாட்டி நானே இழுத்துப் பார்த்தேன். தூணருகே வந்தபோது எனக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. எனக்கு இரண்டு தோள்களும் நலமாக இருக்கின்றன.

பொது மேலாளர் அவர்களே! இரங்கல் கூட்டத்தில் அலுவலகப் பேச்சு கூடாது என்பது மரபு. மரபை மீறிப் பழகாதவன் நான். இன்று மீறுகிறேன்; பொறுத்தருளுங்கள். இரண்டு கையெழுத்துகள் இல்லாமல் எந்தக் கிரேனும் நம் வாசலைத் தாண்டக் கூடாது என்பது நாம் வகுத்த விதி. அந்த ஒரு டன் கிரேனுக்கு நான் கையெழுத்திடமாட்டேன். அம்புரோஸ் அவர்களின் தேர்வுக்குக் கீழே இன்று காலையே கையெழுத்திட்டுவிட்டேன். அது உங்கள் மேசையில் இருக்கிறது. நீங்கள் தலையசைக்கிறீர்கள், அது இசைவா, அலுப்பா என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் தெரிந்துகொள்வேன். அலுப்பானால், முற்றத்துக்கு வந்து ஒரு முறை இழுத்துப் பார்க்கும்படி தங்களைப் பணிவோடு அழைப்பேன். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இதுவே என் உறுதிமொழி. அந்த மாமனிதரைப் போல ஒரு வேலை நேரம் முழுவதும் ஓர் அந்நியரின் பக்கத்தில் நிற்கும் பொறுமை எனக்கு உண்டா? தெரியாது. முயல்வேன். 'தெரியாது' என்று இதற்கு முன் நான் மேடையில் சொன்னதில்லை.

வீரம்மாள் அவர்களே! ஆயுத பூசைக்குள் உங்கள் மேசையருகே அந்தச் சிறிய கிரேன் நிற்பதற்காக என்னால் இயன்ற அத்தனையும் செய்வேன். நின்றால், பிடியில் உங்கள் கையாலேயே பொட்டு வையுங்கள். தீபாவளி கழிந்து நான் வருவேன். யாரையும் எதுவும் கேட்கமாட்டேன். பிடியை மட்டும் பார்ப்பேன். அது ஆய்வு முறை அன்று என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை, அம்புரோஸ் அண்ணே. ஆனால் இரண்டாவது சான்றாக வந்து நிற்பேன்.

அன்பர்களே, முடிக்கிறேன். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கலைந்து போகுமுன் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் தொலைபேசி எண்ணை வாசலில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். தீபாவளி முடிந்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடியும் நேரத்தில், உங்களில் யாராவது ஒருவர் என்னை அழையுங்கள். பொட்டு அழிந்துவிட்டதா என்று கேளுங்கள். விடை தெரிந்திருந்தாலும் கேளுங்கள். நான் விரிவாகச் சொல்வேன்.